குந்தா மலையின் கவைக்கொம்பன்

நீலகிரியின் குந்தா மலைத்தொடரில் ஒரு விசேஷமான ஆண் கடமான் தென்படுவதுண்டு. தேகத்தில் தன் இனத்தில் எதற்கும் குறையாமல், தோளுயரம் 5 அடியை நெருங்க, நிறை 250 கிலோவையும் தாண்ட, கம்பீரமாக நிற்கும் அந்த மிருகத்தின் தலையில் மட்டும், அவ்வளவு பெரிய உடம்புக்குச் சற்றும் பொருந்தாதபடி, நெற்றியருகே ஒரு கிளையும் நுனியில் ஒரு சிறு கவையுமாக முடிந்துவிடும் குட்டையான கொம்புகளே அமைந்திருக்கும். தென்னிந்தியக் கடமானின் கொம்பு மத்திய இந்தியாவின் கொம்புக்கு ஈடாகாது என்பது துப்பாக்கியோடு இந்த மலைகளில் அலைந்த ஆங்கிலேயர்களின் பழைய மனக்குறை. அந்தக் குறையை அவர்களுடைய புத்தகங்களில் வாசித்த நாள் முதலாக, கொம்பைக் கண்டு ஏமாந்த அவர்கள் அந்த உடம்பைக் கண்டு ஏன் வியக்கவில்லை என்ற கேள்வி என்னை விடாமல் தொடர்ந்து வந்தது. அதற்கு விடை தேடியே கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிய பருவத்தில் மலையேறினேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் பல்சக்கர ரயில் 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகமண்டலம் வரையிலும் போடப்பட்டது. அதன் பெருமையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள் ஆதலால் நான் அதில் காலம் தாழ்த்தவில்லை. குன்னூரில் இறங்கி, நண்பர் ஒருவர் கண்டக்டராக உத்தியோகம் பார்க்கும் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றேன். தோட்டத்துப் பெரிய பங்களா இப்பொழுது வருஷத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிறது. நண்பர் சாவி வாங்கி வந்து திறந்தபோது, பழைய மரத்தரையின் மெழுகு வாசனையோடு கூடிய குளிர்ந்த காற்று முகத்தில் வந்து மோதிற்று.

கூடத்தின் சுவர்களில் கொம்புத் தலைகள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. அவற்றுள் நீண்டு அகன்று கவர்விட்ட மூன்று தலைகளுக்குக் கணப்படுப்பின் மேலே இடம் கிடைத்திருந்தது. நான் தேடி வந்த தலையோ சமையற்கட்டுக்குப் போகும் இருட்டு நடையில், குடைகளை மாட்டும் ஆணிகளின் அருகே, தூசியடைந்து தொங்கியது. நண்பர் அதைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுவந்து வைத்தார். கொம்பின் நீளம் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையில்தான் இருக்கும். நெற்றிக் கிளை கட்டைவிரல் அளவே. நுனியில் இரண்டாகப் பிரிந்த கவையின் ஒரு முனை தேய்ந்து மழுங்கியிருந்தது. ஆனால் கொம்பின் அடியில், முத்து முத்தாக முடிச்சிட்ட அந்த எலும்பு வளையத்தை என் ஒரு கையால் சுற்றிப் பிடிக்க முடியவில்லை. அந்த வளையத்துக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய எலும்புத் தண்டோ அநேகமாக இல்லை என்றே சொல்லும்படி குறுகி, கொம்பு மண்டையிலேயே குந்தியிருப்பதுபோல் அமர்ந்திருந்தது.

மான் வகைகளின் வயதைக் கணிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஓர் அடையாளமே போதும். மாட்டின் கொம்பும் வரையாட்டின் கொம்பும் ஒருமுறை முளைத்து ஆயுள் முழுதும் வளர்பவை. கடமானின் கொம்போ உதிர்ந்து மறுபடி முளைப்பது. ஒவ்வொரு முறை உதிரும்போதும் அது தான் நின்ற எலும்புத் தண்டிலிருந்து சிறிதளவு பெயர்த்துக்கொண்டு விழுவதால், ஆண்டுகள் ஏற ஏறத் தண்டு குறுகிப் பருத்துவிடுகிறது. இளங்காளைக்கு முதலில் கிளையற்ற குச்சிக்கொம்பும், அதன் பின் கவைக்கொம்பும், அதற்கும் பின்னரே மூன்று முனைகள் கொண்ட முழுக்கொம்பும் வருமாதலால், குட்டையான கொம்பைக் கண்டவர்கள் அது இளசு என்று எண்ணிவிடுவது இயல்பு. ஆனால் உச்சப் பருவம் கடந்த கிழட்டு மானுக்கும் கொம்பு வருஷத்துக்கு வருஷம் பின்வாங்கிக் குட்டையாகிவிடுவதுண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியக் கொம்பின் நீளம் உதவாது. அடித்தண்டும் கழுத்தும் வயிறும் நடையுமே உதவும். இருட்டு நடையில் தொங்கிய அந்தத் தலை, மலையின் பல மழைக்காலங்களைக் கண்டு முடித்த ஒரு கிழவனுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. கூடத்தில் மாட்டியவர்களுக்கு அது தேவைப்படாத செய்தியாயிற்று.

அன்று மாலை தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் பக்கம் நடந்தபோது, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். அவருடைய தகப்பனார் வெள்ளைக்காரத் துரைமாருக்கு வேட்டையில் காடு கலைக்கப் போனவராம். "துரை சுட்டா தலை பங்களாவுக்கு, கறி லைனுக்கு. அதுதாங்க அப்ப வழக்கம்" என்றார் அவர். பிறகு சற்று யோசித்து, "கொம்பு சின்னதா இருந்தா துரைக்கு முகம் சுருங்கும், எங்க ஆளுங்களுக்கு என்னங்க, மான் பெரிசா இருந்தாச் சரி" என்று முடித்தார். என் கேள்விக்குப் பாதி விடை அந்த வார்த்தையிலேயே கிடைத்துவிட்டது. ஒரே மிருகத்தை இரண்டு வர்க்கத்தார் இரண்டு அளவுகோல்களால் அளந்தார்கள். அவற்றுள் ஒன்று மாத்திரமே புத்தகங்களில் ஏறிற்று.

அந்த அளவுகோலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. லண்டனில் மிருகங்களைப் பாடம் செய்யும் தொழிலில் பேர்பெற்ற ரோலண்ட் வார்டு, உலகெங்கும் சுடப்பட்ட பெருவிலங்குகளின் கொம்பளவுகளைத் தொகுத்து 1892-இல் ஒரு பதிவேட்டை வெளியிட்டார். அதன்பின் வேட்டைக்காரனுடைய கீர்த்தி அங்குலத்தில் எழுதப்படலாயிற்று. மத்திய இந்தியாவின் தேக்குக் காடுகளிலிருந்து 50 அங்குலத்தை எட்டிய கடமான் கொம்புகள் அந்தக் கணக்குகளில் ஏறிய பிறகு, நீலகிரியின் தலைகள் எவ்வளவு உழைத்துத் தேடினாலும் இரண்டாம் தரமாகவே நின்றன. நீலகிரியிலும் வயநாட்டிலும் தோட்டம் நடத்திய எஃப். டபிள்யூ. எஃப். ஃபிளெட்சர் என்பவர் இந்தப் பிரதேசத்து வேட்டையைப் பற்றி 1911-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டிருக்கிறார். மலையின் ஒவ்வொரு மடிப்பையும் நேரில் நடந்து அறிந்த மனிதருக்கே உரிய நுட்பங்கள் அதில் நிறைந்திருக்கின்றன. அவரைப் போன்றவர்களின் கண்கூர்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அத்தனை கூர்மையும் ஒரு நாடாவின் முனையில் வந்து முடிந்துவிட்டது என்பதே என் வருத்தம்.

வேட்டை நடந்த முறை இரண்டு. சோலையின் ஒருபுறத்தில் ஆட்களையும் நாய்களையும் விட்டுக் கலைத்து, மறுபுறத்துப் புல்வெளியில் துப்பாக்கிகள் காத்திருப்பது ஒன்று. விடியலில் தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு மலைமுகட்டில் படுத்து, சரிவில் மேய்ந்துவிட்டுச் சோலைக்குத் திரும்பும் மானைக் கண்டு, காற்றுக்கு எதிர்முகமாக ஊர்ந்து அணுகுவது மற்றொன்று. இரண்டாவது முறையில் பொறுமையும் உடல்வருத்தமும் மிகுதி. அதில் தேர்ந்தவர்கள் பெண்மானையும் குட்டியையும் இளங்கொம்பையும் விட்டுவைத்து, முதிர்ந்த ஆணை மட்டுமே தேடுவதைத் தர்மமாகக் கருதினார்கள்.

இந்தத் தர்மம் எல்லோரிடத்திலும் இருந்துவிடவில்லை. ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரி வழியாக வந்து மலையைத் திறந்துவிட்டது முதல் அறுபது ஆண்டுகளுக்குள், வரையாடும் கடமானும் கண்ணுக்கெட்டிய சரிவுகளிலெல்லாம் அருகிவிட, அச்சமடைந்த சென்னை அரசாங்கம் 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. அதைத் துணையாகக் கொண்டு உதகையில் இயங்கிய நீலகிரி வேட்டைச் சங்கம் உரிமம் வழங்கியது, சுடக்கூடாத மாதங்களை வகுத்தது, ஒருவர் சுடக்கூடிய எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது, காவலாட்களை நியமித்தது. அச்சங்கத்தின் அறுபதாண்டு வரலாற்றைக் கர்னல் ஃபிதியன்-ஆடம்ஸ் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் 1939-இல் எழுதியிருக்கிறார். இந்தியாவில் வேட்டையாடுபவர்களே கூடித் தங்களுக்குத் தாங்களே விலங்கு பூட்டிக்கொண்ட ஆதி முயற்சிகளுள் இது ஒன்று. இன்று முக்குருத்தியின் பாறைகளில் வரையாடு நிற்கிறதென்றால், அந்தப் புண்ணியத்தில் ஒரு பங்கு அவர்களைச் சேரும். அதை மறைப்பது நன்றியன்று. ஆயினும் அவர்கள் காத்தது துப்பாக்கிக்காகக் காத்தது. ஆகவேதான், கடமானைக் கொன்று தின்னும் செந்நாயைத் தங்களுக்குப் போட்டியென்று கருதி, அதன் தலைக்கு வெகுமதி வைத்தார்கள். காட்டைக் காடாகக் காக்கும் எண்ணம் உதிக்க இன்னும் வெகுகாலம் ஆக வேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்னரும் மலையில் வேட்டை இருந்தது. குறும்பரும் இருளரும் வலையும் கண்ணியும் ஈட்டியும் கொண்டு வேட்டையாடி வந்தவர்கள். கோத்தகிரிப் பகுதியில் கரிக்கையூரின் பாறை ஓவியங்களில் மனிதரும் மிருகங்களும் எந்தக் காலத்திலிருந்தோ ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தின் நடுவிலேயே வாழ்ந்த தொதவர்கள் மட்டும் எருமையின் பாலில் ஜீவித்து, வேட்டையை நாடாமல் இருந்தார்கள். அவர்களுடைய எருமையும் காட்டின் கடமானும் ஒரே சரிவில் மேய்ந்ததை அக்காலத்துப் பிரயாணிகள் கண்டிருப்பார்கள்.

தோட்டத்திலிருந்து கிளம்பி உதகையில் இரவு தங்கி, விடியுமுன் குந்தா மலையிலுள்ள அவலாஞ்சிக்குப் புறப்பட்டோம். எமரால்டைக் கடக்கும்போது காரட் பாத்திகளின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பாத்திகளைச் சுற்றிப் பழைய சேலைகளையும் மீன் வலைகளையும் கட்டி வேலியிட்டிருந்தார்கள். இரவில் கடமான் இறங்குவதைத் தடுக்க என்றார் வண்டியோட்டி. அணைக்கரையைத் தாண்டியதும் சீகை மரங்களும் கற்பூர மரங்களும் அடர்ந்த தோப்புகள் சாலையை இருபுறமும் நெருக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி விறகுக்கும் பட்டைக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட இம்மரங்கள், ஒருகாலத்தில் மலையின் பெரும்பகுதியைப் போர்த்தியிருந்த புல்வெளியை விழுங்கிவிட்டன. வனச்சோதனைச் சாவடிக்கு அப்பால், வனத்துறையின் வண்டியில் ஏறி மேலே செல்லச் செல்லத்தான் பழைய நீலகிரி மெல்ல மெல்ல வெளிப்பட்டது. மடிப்பு மடிப்பாகப் புல்வெளி, நீர் ஓடும் ஒவ்வொரு மடிப்பிலும் குட்டையான மரங்கள் ஒன்றோடொன்று பின்னிய கரும்பச்சைச் சோலை, இடையிடையே காட்டுப்பூவரசு.

எங்களுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் இளைஞர். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, எதிர்ச் சரிவைக் கையால் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னர், சோலையின் விளிம்பில் ஈரமான பாறையென்று நான் எண்ணியிருந்த ஒன்று தலையைத் திருப்பிற்று.

நான் அப்படியொரு மானைக் கண்டதில்லை. மேனி முழுதும் கருகிய கபில நிறம். சேற்றில் புரண்டு எழுந்ததால் வயிற்றிலும் தொடையிலும் சேறு காய்ந்து அப்பியிருந்தது. கழுத்து தோளை விடப் பருத்து, பிடரியும் தொண்டையும் சொரசொரத்த நீண்ட மயிரால் மூடப்பட்டு, அந்த மயிர் பனியில் நனைந்து குச்சிகுச்சியாக நின்றது. இனச்சேர்க்கைப் பருவமாதலால், கழுத்தின் கீழ்ப்புறத்தில் மயிர் உதிர்ந்து, புண்போலச் சிவந்து கசியும் ஒரு வட்டம் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. இதைப் பருவத்தின் குறி என்று சொல்வதுண்டு. இவ்வளவு பெரிய கழுத்தின் மேல், காதுகளை இரண்டு முறை அடுக்கினால் எட்டிவிடக்கூடிய உயரத்துக்கு, சீகைப் பட்டையில் உரசிக் கறுத்த இரண்டு சிறு கவைகள்.

"கொம்பு குச்சிதான் சார். ஆனா ஆளு பெரிய ஆளு. கழுத்தைப் பாருங்க" என்று மெல்லிய குரலில் சொன்னார் காவலர். அந்த மானைப் பல பனிக்காலங்களாகத் தாம் அறிந்திருப்பதாகவும், இதைவிட நீண்ட கொம்புள்ள ஆண்கள் இரண்டு இதே சோலையில் இருந்தும் சேற்றுக் குழிக்கு முதலில் வருவது இதுதான் என்றும் அவர் சொன்னார். மான் எங்களைக் கண்டுகொண்டது. முன்னங்காலால் ஒருமுறை நிலத்தை ஓங்கி மிதித்தது. வாலை உயர்த்தி, பழைய மோட்டார் வண்டியின் ஊதுகுழல் போன்ற ஒரே ஒரு கூர்த்த ஒலியை எழுப்பியது. உடனே சோலைக்குள்ளிருந்து நாங்கள் அதுவரை காணாத மூன்று பெண்மான்கள் வெளிப்பட்டு, மேட்டைக் கடந்து மறைந்தன. ஆண் அவசரப்படவில்லை. எங்களை நோக்கியபடி நன்றாக நின்று, பிறகு தலையை முன்னே தாழ்த்திச் சோலைக்குள் புகுந்தது. அந்த அடர்ந்த கிளைப் பின்னலுக்குள் அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சுள்ளி முறியும் ஓசைகூட இல்லாமல் எவ்வாறு சென்றது என்பதை எண்ணி எண்ணி வியந்தேன். அகன்ற கொம்புக்கு அந்த வழி இவ்வளவு எளிதாக இராது.

கொம்பு ஏன் சிறுத்தது என்பதற்குக் காரணம் தேடுபவர் காலடி மண்ணைப் பார்க்க வேண்டும். மான் கொம்பு எலும்பு. சில மாதங்களுக்குள், மயிரடர்ந்த மென்தோலின் கீழ் ரத்தம் பாய்ந்து, சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் திரண்டு, உடம்பின் சேமிப்பையெல்லாம் கடன் வாங்கிக்கொண்டு எழும்பும் கட்டிடம் அது. குந்தா மலையின் மேல் தென்மேற்குப் பருவக்காற்று கொட்டும் மழையோ அசாதாரணமானது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை நாடே செய்தியாக வாசித்தது. யுகயுகமாக இத்தகைய மழையில் அலசப்பட்ட மண் புளித்துப்போய், உப்புச் சத்துகளை இழந்து நிற்கிறது. அதில் முளைக்கும் புல் வயிற்றை நிரப்பும். எலும்புக்கு வேண்டியதைத் தாராளமாகத் தராது. உதிர்ந்து கிடக்கும் கொம்புகளைக் கடமான்களே கடித்து மெல்லுவதும், முள்ளம்பன்றி கொறித்துத் தின்பதும் இந்தப் பஞ்சத்தின் சாட்சிகள். உடம்பைப் பேணிக்கொண்டு கொம்பைச் சுருக்கும் மான், தான் பிறந்த மலைக்கு ஏற்பக் குடித்தனம் நடத்துகிறது. கொம்பு வளர்க்கச் செலவிடாத சத்து அதன் உடம்பில் நிற்கிறது. இதில் இழிவு ஏதுமில்லை.

மண்ணே முதற்காரணம் என்று நான் கொள்கிறேன். எனினும் துப்பாக்கிக்கும் ஒரு பங்கு உண்டென்று நினைக்க இடமிருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ராம் மலை என்னும் இடத்தில், பெருங்கொம்புச் செம்மறிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த விஞ்ஞானிகள், பெரிய கொம்புள்ள கிடாய்களையே தேர்ந்து சுட்டு வந்ததன் விளைவாக, அந்த மந்தையில் கொம்பும் உடம்பும் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்து வந்ததை 2003-இல் எடுத்துக்காட்டினார்கள். சிறந்ததைக் கொல்வதே சிறப்பு என்று வைத்துக்கொண்டால், எஞ்சியதிலிருந்துதானே அடுத்த தலைமுறை பிறக்க வேண்டும்? கூடத்துச் சுவரில் கணப்படுப்பின் மேல் இருந்த அந்த மூன்று தலைகளுக்கும் காட்டில் வாரிசு எத்தனை இருந்திருக்கும் என்று அந்தப் பங்களாவில் யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடல் கடந்த இலங்கையின் மலைநாட்டிலும் இதே கதைதான். அங்குள்ள தமிழர்கள் மரை என்று அழைக்கும் இந்தக் கடமான், நுவரெலியாவுக்கு அப்பால் ஹோர்ட்டன் சமவெளியின் பனிப்புல்லில், பெருத்த உடம்பும் அடக்கமான கொம்புமாக இன்றும் மந்தை மந்தையாக மேய்கிறது. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை விட்டு மரையை விரட்டி, அது ஓடைநீரில் இறங்கி எதிர்த்து நிற்கும் தறுவாயில் கத்தியால் குத்திக் கொல்வதையே பெரும் விளையாட்டாக நடத்தி, அதைப் புத்தகமாகவும் எழுதிப் புகழ்பெற்றார். நீரில் இறங்கி எதிர்த்து நிற்பது கடமானின் பிறவிக் குணம். நீலகிரியில் செந்நாய்க் கூட்டம் துரத்தும்போதும் அது அணைநீரில் கழுத்தளவு இறங்கி நின்று, அணுகும் நாயை முன்னங்காலால் உதைத்துத் தள்ளும். செந்நாய்க்கு எதிராகப் பலகாலம் பலித்த அந்தத் தற்காப்பையே மனிதன் கொலைக்கு வாய்ப்பாக்கினான். இதைப் படித்தபோது என் மனம் கசந்தது. இன்றும் அந்தக் கசப்பு மாறவில்லை. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேற்றி 1860களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் விடப்பட்ட கடமான்களின் சந்ததி அங்கே காடு நிறையப் பெருகி, இப்பொழுது அந்நாட்டு வேட்டைக்காரர்களுக்குச் சட்டப்படி இலக்காக இருக்கிறது. அங்கே அது வந்தேறி. இங்கே அது மண்ணின் குடி. அங்குள்ள நியாயத்தை இங்கே கொண்டுவந்து பேசுவது பொருந்தாது.

சுடப்பட்ட மானின் கொம்புக்கு மட்டுமல்லாமல், தானாக உதிர்ந்த கொம்புக்கும் விலை இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகளுக்குப் பிடி போட இந்தியக் கடமான் கொம்பைப்போல் உறுதியான பொருள் இல்லையென்று கருதப்பட்டதால், காடுகளில் பொறுக்கிய கொம்பு டன் கணக்கில் கப்பலேறிற்று. உதிர்ந்ததுதானே என்ற போர்வையில் கொன்று எடுத்த கொம்பும் மூட்டையில் கலந்தது. 1990களின் இறுதியில் மத்திய அரசு அந்த ஏற்றுமதியை நிறுத்திய பிறகே அந்த வாசல் அடைபட்டது. காட்டில் விழுந்த கொம்பு காட்டுக்கே உரியது. அதிலுள்ள சுண்ணாம்பு முள்ளம்பன்றியின் பல்லிலும் மறுபடி மானின் எலும்பிலும் சேர வேண்டிய மலையில், அதைப் பொறுக்கி எடுப்பதும் ஒருவகைக் களவே.

வேட்டை உரிமங்களின் காலம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும், 1991-இல் அதற்கு வந்த திருத்தத்தாலும் முடிவுக்கு வந்தது. பழைய வேட்டைச் சங்கமும் பெயர் மாறி வனவிலங்குச் சங்கமாயிற்று. அதன் செயலாளராக இருந்த குன்னூர் வழக்கறிஞர் ஈ. ஆர். சி. டேவிதார், துப்பாக்கியை வைத்துவிட்டு, குறிப்பேட்டோடும் காமிராவோடும் மலைமுகடுகளில் நடந்து வரையாடுகளைக் கணக்கெடுத்தார். ஒரு மலையை அறிந்துகொள்ள அங்குல நாடாவை விடக் குறிப்பேடு எவ்வளவு உயர்ந்த கருவி என்பதற்கு அவருடைய வாழ்க்கையை நான் சாட்சியாகக் கொள்வேன்.

துப்பாக்கி ஓய்ந்தும் கடமானுக்கு நிம்மதி வந்துவிடவில்லை. புல்வெளி சீகையாலும் காட்டுச்செடிகளாலும் மூடப்பட்டு மேய்ச்சல் சுருங்கிவிட்டதால், அது தேயிலைத் தோட்டங்களின் நடுவிலுள்ள ஓடைகளுக்கும் காய்கறிப் பாத்திகளுக்கும் இரவில் இறங்குகிறது. அங்கே வேலியோரத்தில், மொபெட்டின் பிரேக் கம்பியால் செய்த சுருக்குகள் அதற்காகக் காத்திருக்கின்றன. திரும்பும் வழியில் அப்படிப்பட்ட சுருக்கு ஒன்றைக் காவலர் தம் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சுண்டுவிரலை விட மெல்லியது. இழுக்க இழுக்க இறுகுவது. அதன் முடிச்சில் கருங்கபில மயிர் ஒன்றிரண்டு ஒட்டியிருந்தன. கொம்பின் நீளத்தைக் கருதாத வேட்டை இது. ஆணென்றும் பெண்ணென்றும் குட்டியென்றும் பாராதது. பழைய துரைமார்கள் வகுத்த வரம்புகளில் ஒன்றுகூட இதற்கு இல்லை.

ஆகையால் நீலகிரிக்குச் செல்லும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பொழுது சாய்ந்தபின் குன்னூர், கோத்தகிரி, எமரால்டு சாலைகளில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். ஒரு மான் சாலையைக் கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று நின்று பாருங்கள். உப்பும் எண்ணெயும் ஊறிய பிளாஸ்டிக் உறைகளைக் கடமான் உப்புக்காகவே மென்று விழுங்கிவிடும். அவற்றை வழியில் எறியாமல் சமவெளிக்கே திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். கடைவீதியில் மான்கொம்பு என்று எவரேனும் ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். தோட்டப் பாதையிலோ வேலியோரத்திலோ கம்பிச் சுருக்கு கண்ணில் பட்டால், அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள்.